என்பிஏ ஆட்டங்களுக்குக் கால்ஷி மாதிரி கணிப்புச் சந்தையா, பெட்ஃபேர் மாதிரி எக்ஸ்சேஞ்சா? கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பேசுவோம்

#1 மூன்றுபுள்ளி (நியூ ஜெர்சி)

ஸ்போர்ட்ஸ்புக்கில் (எதிர்ப்பக்கம் தானே நின்று பந்தயம் ஏற்கும் கம்பெனி) என்பிஏ என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்குக்குப் பணம் கட்டுகிறவர்களுக்கு −110 என்ற விலை பற்றிச் சொல்லத் தேவையில்லை. இரண்டு அணியும் சமபலம் என்றாலும் 110 டாலர் கட்டினால் 100 டாலர்தான் லாபம். நூற்றுக்கு 52.4 தடவை சரியாகச் சொன்னால்தான் கைக்காசு கரையாமல் நிற்கும். அப்படியே தொடர்ந்து ஜெயித்தாலும், அடுத்த மாதம் நம் கணக்குக்கு வரம்பு போட்டுவிடுவார்கள். ஐந்து டாலருக்கு மேல் ஏற்க மாட்டேன் என்று திரையில் வந்து நிற்கும்.

ஆட்டக்காரர்கள் தங்களுக்குள்ளேயே விலை பேசிக்கொள்ளும் இடங்கள்தான் இதற்கு மாற்று. அதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, பெட்ஃபேர், ஸ்மார்கெட்ஸ், மேட்ச்புக் போன்ற பெட்டிங் எக்ஸ்சேஞ்ச். இன்னொன்று, கால்ஷி, பாலிமார்க்கெட் போன்ற கணிப்புச் சந்தை. பெயர் வேறு, சட்டம் வேறு, ஆனால் உள்ளே நடப்பது ஒன்றுதான் என்பது என் எண்ணம். எக்ஸ்சேஞ்சில் 4.0 ஆட்ஸில் (1 டாலருக்கு அசலோடு 4 டாலர்) ஒரு அணியை ‘லே’ செய்கிறோம், அதாவது அது ஜெயிக்காது என்று கட்டுகிறோம்; ஜெயிக்கும் என்று கட்டுவது ‘பேக்’. எதிராளி 10 டாலர் கட்டினால் நாம் 30 டாலரைப் பணயம் வைக்கிறோம். கணிப்புச் சந்தையில் ஒரு காண்ட்ராக்ட் பலித்தால் ஒரு டாலர் தரும், பலிக்காவிட்டால் ஒன்றும் தராது. அங்கே அதே அணி ஜெயிக்காது என்ற ‘நோ’ காண்ட்ராக்டை 75 சென்ட்டுக்கு 40 வாங்கினாலும் 30 டாலர் போட்டு 10 டாலர் லாபம். வித்தியாசம் ஒன்றும் இல்லை.

அப்படியானால் எதில் செலவு குறைவு? எதில் ஆர்டர் சீக்கிரம் பொருந்துகிறது? இரண்டையும் பயன்படுத்தியவர்கள் எழுதுங்கள். யார் ஜெயிப்பார்கள் என்று டிப்ஸ் கேட்கும் இழை இல்லை இது.

#2 டாலஸ்வாசி

எங்கள் டெக்சஸில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஸ்போர்ட்ஸ்புக்குக்கு அனுமதி கிடையாது, எக்ஸ்சேஞ்சும் கிடையாது. 2025 ஏப்ரலில் கல்லூரிக் கூடைப்பந்து இறுதி ஆட்டமே எங்கள் சான் அன்டோனியோவில்தான் நடந்தது, அதுவும் ஹூஸ்டன் அணி ஆடியது. சட்டப்படி அதற்குப் பணம் கட்ட, எனக்குத் தெரிந்து டெக்சஸ்காரனுக்கு இருந்த வழி கால்ஷியும், கால்ஷியோடு சேர்ந்து பங்கு வர்த்தகச் செயலியான ராபின்ஹூட் அந்த மார்ச்சில் திறந்த பக்கமும்தான். அதனால் எனக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை, இருப்பதை வைத்துக்கொண்டு ஆடுகிறேன்.

#3 கணக்குப்பிள்ளை

மூன்றுபுள்ளி, கட்டணத்தில் எல்லோரும் கவனிக்காமல் விடுகிற ஓர் இடம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கால்ஷியின் பொதுக் கட்டண வாய்பாடு இது: 0.07 × காண்ட்ராக்ட் எண்ணிக்கை × விலை × (1 − விலை). விலையை டாலரில் எடுத்துக்கொள்ள வேண்டும். 50 சென்ட்டுக்கு 100 காண்ட்ராக்ட் வாங்கினால் 1.75 டாலர். 90 சென்ட்டுக்கோ 10 சென்ட்டுக்கோ வாங்கினால் 63 சென்ட். ஏற்கெனவே புத்தகத்தில் (காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியல்) இருக்கும் விலையை எடுப்பவர், அதாவது டேக்கர், கட்டுவது இது. விலை போட்டுக் காத்திருக்கும் மேக்கருக்கு இதைவிட மிகக் குறைவு, சில சந்தைகளில் ஒன்றுமே இல்லை.

எக்ஸ்சேஞ்சில் கமிஷன் ஜெயித்த லாபத்துக்கு மட்டும்தான். ஸ்மார்கெட்ஸில் வழக்கமாக 2 சதவீதம். பெட்ஃபேரில் பல காலமாகப் பேசப்படுவது 5 சதவீதம், 2 சதவீதத் திட்டமும் உண்டு.

இப்போது இரண்டையும் ஒரே தட்டில் வைப்போம். விலை சரியான விலைதான் என்று வைத்துக்கொண்டால், 60 சென்ட் காண்ட்ராக்ட் நூற்றுக்கு 60 தடவை ஜெயிக்கும். ஜெயித்தால் லாபம் 40 சென்ட். எக்ஸ்சேஞ்ச் அந்த 40 சென்ட்டில் கமிஷன் எடுக்கிறது, ஆனால் 60 தடவைதான் எடுக்கிறது. ஆக சராசரிக் கமிஷன் = கமிஷன் விகிதம் × விலை × (1 − விலை). கால்ஷியின் வாய்பாடும் இதேதான்! வேறு மாதிரிச் சொன்னால், கால்ஷியில் டேக்கராக வாங்கி ஆட்டம் முடியும் வரை வைத்திருப்பவர் சராசரியாக 7 சதவீதக் கமிஷன் எக்ஸ்சேஞ்சில் ஆடியதற்குச் சமமான செலவு செய்கிறார். ஜெயித்தாலும் தோற்றாலும் முன்கூட்டியே கட்டுகிறார், அது ஒன்றுதான் வேறு.

சமபல ஆட்டத்தில் நஷ்டமில்லாமல் நிற்க எத்தனை சதவீதம் சரியாகச் சொல்ல வேண்டும் என்று பார்த்தால்:

ஸ்போர்ட்ஸ்புக் −110: 52.38
கால்ஷி, டேக்கர்: 51.75
எக்ஸ்சேஞ்ச், 5 சதவீதம்: 51.28
எக்ஸ்சேஞ்ச், 2 சதவீதம்: 50.51

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை இதில் சேர்க்கவில்லை. 49-க்கு வாங்க ஆள், 51-க்கு விற்க ஆள் என்று இருந்தால் அதிலேயே ஒரு சென்ட் போய்விடும். 2 சதவீத எக்ஸ்சேஞ்சின் கமிஷனைவிட அது பெரிய செலவு. அதனால் கட்டணப் பட்டியலை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், புத்தகத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்றும் பாருங்கள்.

#4 லண்டன்காரன்

கணக்குப்பிள்ளை சொன்னது ஆட்டம் முடியும் வரை வைத்திருப்பவருக்குப் பொருந்தும். நடுவில் விற்றுவிட்டு வெளியேறுபவருக்குக் கதை வேறு.

எக்ஸ்சேஞ்சில் கமிஷன் அந்தச் சந்தையின் நிகர லாபத்துக்குத்தான். ஓர் ஆட்டத்தில் எத்தனை தடவை பேக் செய்தாலும் லே செய்தாலும், கடைசியில் கணக்கு முடியும்போது மிஞ்சியதில் ஒரே ஒரு வெட்டு. நஷ்டமானால் ஒன்றும் கிடையாது. கால்ஷியில் வாங்கும்போதும் கட்டணம், விற்கும்போதும் கட்டணம்.

டாலஸ்வாசி சொன்ன அதே இறுதி ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் பாதியில் ஹூஸ்டன் 12 புள்ளி முன்னால் இருந்தது, ஃப்ளோரிடா துரத்திப் பிடித்து 65–63 என்று ஜெயித்தது. ஒருவர் ஃப்ளோரிடா பின்தங்கிய நேரத்தில் 25 சென்ட்டுக்கு 100 வாங்கி, 60-க்கு விற்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். (விலை என் உதாரணம், அன்றைய பதிவு அல்ல.) லாபம் 35 டாலர். கால்ஷிக் கட்டணம் வாங்கும்போது 1.32, விற்கும்போது 1.68, மொத்தம் 3 டாலர். 2 சதவீத எக்ஸ்சேஞ்சில் 70 சென்ட். 5 சதவீதத்தில் 1.75.

துரத்தல் பலிக்காமல் 10 சென்ட்டுக்கு விற்றிருந்தால்? நஷ்டம் 15 டாலர். எக்ஸ்சேஞ்சில் கமிஷன் பூஜ்யம். கால்ஷியில் மேலும் 1.95.

விற்காமல் கடைசி விசில் வரை வைத்திருந்தால் லாபம் 75 டாலர். கால்ஷியில் முதலில் கட்டிய 1.32 மட்டும்தான், முடிவின்போது கட்டணம் கிடையாது. 5 சதவீத எக்ஸ்சேஞ்ச் 3.75 எடுத்துக்கொள்ளும். ஆகவே ஆட்டத்துக்கு நடுவே ஏறி இறங்குகிறவர்களுக்கு எக்ஸ்சேஞ்ச் தெளிவாக மலிவு. வாங்கி வைத்துக் காத்திருப்பவர்களுக்கு வித்தியாசம் அவ்வளவு இல்லை.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். 7:30-க்கு நியூயார்க்கில் ஆட்டம் தொடங்கினால் லண்டனில் நள்ளிரவு 12:30. பெட்ஃபேரில் கால்பந்துக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் குவியும் பணம் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை என்பிஏ ஆட்டத்துக்கு வராது. யார் ஜெயிப்பார் என்ற சந்தையில் ஓரளவு ஆள் இருப்பார்கள். மொத்தப் புள்ளி, காலாட்டம் (ஆட்டத்தின் ஒரு கால் பகுதி) என்று போனால் புத்தகம் காலி.

#5 மூன்றுபுள்ளி

லண்டன்காரரே, பெட்ஃபேரில் நிறைய ஜெயிப்பவர்களுக்குத் தனி வரி உண்டு என்று கேள்விப்பட்டேன், உண்மையா? அது உண்மையானால் ஜெயிப்பவரை எக்ஸ்சேஞ்ச் தண்டிக்காது என்பது எப்படிச் சரி?

#6 லண்டன்காரன்

உண்மைதான். 2008-இல் பிரீமியம் சார்ஜ் என்று கொண்டுவந்தார்கள், 2011-இல் மிகப்பெரிய லாபக்காரர்களுக்கு அதை 60 சதவீதம் வரை ஏற்றினார்கள். 2025 தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டு வேறு கட்டணமுறை வந்தது. பெரிய அளவில் தொடர்ந்து ஜெயிக்கும் சிலரைத்தான் அது தொடும். உங்களையோ என்னையோ அது தொடப்போவதில்லை. ஆனால் தானியங்கி நிரல் எழுதி வருடம் முழுக்க ஆடுபவர்கள் ஸ்மார்கெட்ஸ் பக்கம் போனதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அவர்கள் போனால் புத்தகத்தில் காத்திருக்கும் பணமும் அவர்களோடு போகிறது, அதுதான் நமக்கு இழப்பு.

#7 ஜெர்சிஅக்கா

அமெரிக்காவில் எக்ஸ்சேஞ்ச் ஏன் வளரவில்லை என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் பழைய தடைச் சட்டத்தை நீக்கியதும் விளையாட்டுப் பந்தயம் அந்தந்த மாநிலத்தின் கைக்குப் போனது. ஆனால் 1961-இன் வயர் சட்டம் அப்படியே நிற்கிறது. மாநில எல்லை தாண்டிப் பந்தயத்தை அனுப்பக்கூடாது. ஸ்போர்ட்ஸ்புக்குக்கு இது பெரிய தலைவலி இல்லை, எதிர்ப்பக்கம் நிற்பது கம்பெனிதானே. எக்ஸ்சேஞ்சுக்கு இது உயிர்ப் பிரச்சினை. நம் மாநிலத்தில் ஒருவர் நியூயார்க் நிக்ஸ் அணியை விற்க நினைத்தால், வாங்குபவரும் நம் மாநிலத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். 2022-இல் இங்கே ஸ்போர்ட்‌ட்ரேட், புராஃபெட் என்று இரண்டு வந்தன. திரை அழகாக இருந்தது, விலையும் பூஜ்யத்திலிருந்து நூறு வரை எளிதாக இருந்தது. ஆனால் ஒரு மாநிலத்துக் கூட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு புத்தகத்தை நிரப்ப முடியாது.

கணிப்புச் சந்தை இந்தச் சுவரைச் சுற்றிப் போய்விட்டது. ‘இது பந்தயமே அல்ல, ஒரு நிகழ்வின் மீதான நிதி ஒப்பந்தம்’ என்கிறார்கள். கால்ஷி 2020-இலேயே முன்பேர வர்த்தகத்தைக் கண்காணிக்கும் மத்திய ஆணையமான சிஎஃப்டிசியிடம் சந்தையாகப் பதிவு வாங்கிவிட்டது. 2025 ஜனவரியில் விளையாட்டுக்குள் இறங்கியது. நாடு முழுக்க ஒரே புத்தகம். சஸ்குவெஹன்னா போன்ற பெரிய வர்த்தக நிறுவனம் இரு பக்கமும் விலை போட்டு நிற்கிறது. புத்தகம் நிரம்பியிருப்பதற்குக் காரணம் இதுதான், தொழில்நுட்பம் இல்லை.

மூன்றுபுள்ளி தம்பி, ‘ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் விலை பேசுகிறார்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். அது பாதி உண்மைதான். எதிரே இருப்பது உங்களைப் போல ஒரு ரசிகர் என்று நினைத்துப் பணம் போடாதீர்கள். பெரும்பாலும் எதிரே இருப்பது கணினி.

#8 டாலஸ்வாசி

அக்கா, மாநிலங்கள் வழக்குப் போட்டிருக்கின்றனவே? திடீரென்று நிறுத்திவிட்டால் என் பணம் என்ன ஆகும்?

#9 ஜெர்சிஅக்கா

தீர்ப்புகள் ஒரே திசையில் போகவில்லை. நியூ ஜெர்சியில் 2025 ஏப்ரலில் மத்திய நீதிபதி கால்ஷிக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கொடுத்தார். மேரிலாண்டில் ஆகஸ்டில் மறுத்துவிட்டார்கள். நெவாடாவில் ஏப்ரலில் கொடுத்த அதே நீதிபதி நவம்பரில் திரும்ப எடுத்துக்கொண்டார். மேல்முறையீடுகள் ஒருபக்கம் ஓடுகின்றன. கட்டிய பணம் முழுவதும் பிணையாக இருப்பதால் ஒரே நாளில் காணாமல் போகாது. ஆனால் அக்டோபரில் வாங்கி ஜூன் வரை வைத்திருக்கும் சாம்பியன் காண்ட்ராக்டில் உங்கள் மாநிலத்துக்குக் கதவு மூடப்பட்டால், நீங்கள் நினைத்த நேரத்தில் இல்லாமல் அவர்கள் சொல்லும் நேரத்தில் வெளியேற வேண்டி வரலாம். நீண்டகாலக் காண்ட்ராக்டில் அதிகம் போடாதீர்கள்.

#10 கணக்குப்பிள்ளை

நீண்டகாலம் என்றதும் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கால்ஷி இருப்புத் தொகைக்கு வட்டி தருகிறது, விகிதம் மாறிக்கொண்டே இருக்கும். எக்ஸ்சேஞ்சில் எட்டு மாதம் முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு வட்டி கிடையாது. சாம்பியன் சந்தைக்கு மட்டும் இது கணக்கில் வரும், ஓர் இரவு ஆட்டத்துக்கு வராது.

அப்புறம், சின்னத் தொகையில் ஆடுபவர்களுக்கு: கால்ஷிக் கட்டணம் அடுத்த சென்ட்டுக்கு மேல்நோக்கி முழுமையாக்கப்படும். 95 சென்ட்டுக்கு ஒரே ஒரு காண்ட்ராக்ட் வாங்கினால் வாய்பாட்டின்படி மூன்றில் ஒரு சென்ட்தான் வரும், ஆனால் ஒரு சென்ட் கட்டுவீர்கள். கிடைக்கக்கூடிய லாபமே 5 சென்ட். ஒன்று இரண்டாகப் பிரித்து வாங்காமல் மொத்தமாக ஒரே ஆர்டரில் வாங்குங்கள்.

#11 நடுவர்பெட்டி

ஆட்டம் தள்ளிப்போனால் என்ன என்று யாரும் தொடவில்லை. 2020 மார்ச் 11 அன்று ஓக்லஹோமா சிட்டியில் ஜாஸ்–தண்டர் ஆட்டம், வீரர்கள் களத்தில் நின்றுகொண்டிருக்க, பந்து எறிவதற்குச் சற்று முன் நிறுத்தப்பட்டது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயால் லேக்கர்ஸ்–ஹார்னெட்ஸ் ஆட்டம் தள்ளிப்போனது. ஸ்போர்ட்ஸ்புக்கும் எக்ஸ்சேஞ்சும் பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்குள் ஆட்டம் நடக்காவிட்டால் பந்தயத்தை ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தரும். கணிப்புச் சந்தையில் ஒவ்வொரு காண்ட்ராக்டுக்கும் எழுதிவைத்த விதிதான் வேதம். எவ்வளவு நாள் காத்திருக்கும், எந்த ஆதாரத்தை வைத்து முடிவு அறிவிக்கும் என்றெல்லாம் அதில் இருக்கும். பாலிமார்க்கெட்டின் பன்னாட்டுத் தளத்தில் முடிவைப் பற்றித் தகராறு வந்தால் யூஎம்ஏ என்ற டோக்கன் வைத்திருப்பவர்களின் வாக்கெடுப்புக்குப் போகும். கூடைப்பந்தில் ஸ்கோர் தெளிவாக இருப்பதால் தகராறு அரிது. ஆனால் தள்ளிப்போன ஆட்டம், பாதியில் நின்ற ஆட்டம் என்றால் வரும். வாங்கும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து படியுங்கள், இரண்டு நிமிட வேலை.

#12 சென்னைரசிகன்

அண்ணா, இந்தியாவிலிருந்து இதில் சேர முடியுமா? விபிஎன் போட்டால் ஆகும் என்று நண்பன் சொல்கிறான்.

#13 மட்டுறுத்துநர்

வேண்டாம் தம்பி. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்கிறது. விபிஎன் வழியாகப் போனால், ஜெயித்த பணத்தை எடுக்கும் நேரத்தில் அடையாளச் சான்று கேட்டுக் கணக்கை முடக்கலாம், அப்போது புகார் சொல்லவும் இடமிருக்காது. குறுக்குவழி பற்றிய பதிவுகளை இங்கே நீக்குவோம்.

#14 ஜெர்சிஅக்கா

கட்டணத்தைப் பற்றி இவ்வளவு பேசினோம், எனக்கு மனசு பொறுக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தில் ஸ்போர்ட்ஸ்புக்கில் பணம் கட்ட 21 வயது ஆக வேண்டும். கால்ஷியில் 18 போதும். கல்லூரி முதல் வருடப் பிள்ளை தன் கல்லூரி அணியின் ஆட்டத்துக்கே படிப்புப் பணத்தைப் போடலாம். பந்தயப் பழக்கத்திலிருந்து விடுபட நினைப்பவர் மாநிலத்தின் சுயவிலக்குப் பட்டியலில் பெயர் கொடுத்தால் எல்லா ஸ்போர்ட்ஸ்புக்கும் அவரை உள்ளே விடாது. கணிப்புச் சந்தை அந்தப் பட்டியலுக்குக் கட்டுப்பட்டதல்ல. லண்டன்காரர் ஊரில் கேம்ஸ்டாப் என்ற சுயவிலக்குப் பட்டியலில் ஒரு தடவை பதிந்தால் எக்ஸ்சேஞ்ச் உட்பட உரிமம் பெற்ற எல்லா இணையத்தளமும் மூடிக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் எக்ஸ்சேஞ்ச்தான் மேல் என்று அடித்துச் சொல்வேன். அரை சதவீதம், ஒரு சதவீதம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

#15 டாலஸ்வாசி

அக்கா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். என் பையனுக்கு 19 வயது, அவன் போனில் இந்த விளம்பரங்கள்தான் ஓடுகின்றன.

#16 மூன்றுபுள்ளி

அக்கா, அந்தப் பதிவுக்கு நன்றி. முதல் பதிவிலேயே இருந்திருக்க வேண்டிய விஷயம் அது.

நேரலை ஆட்டம் பற்றி ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. 2025 என்பிஏ இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் நான்காம் கால் பகுதியில் 15 புள்ளி பின்தங்கியிருந்த இந்தியானா பேசர்ஸ் அணி, 0.3 வினாடி மிச்சமிருக்கையில் ஹாலிபர்ட்டன் போட்ட கூடையால் 111–110 என்று ஜெயித்தது. அந்த ஆட்டத்திலேயே அவர்கள் முன்னால் இருந்தது அந்த 0.3 வினாடிதான். அதற்கு இரண்டு வாரம் முன்னால் நிக்ஸோடு, மூன்று நிமிடம்கூட மிச்சமில்லாத நேரத்தில் 14 புள்ளி பின்தங்கி, கூடுதல் நேரத்தில் ஜெயித்தார்கள். இப்படிப்பட்ட நிமிடங்களில் எது பாதுகாப்பு? டிவியில் நாம் பார்ப்பதே பல வினாடி தாமதமான படம்.

#17 லண்டன்காரன்

அதற்காகத்தான் பெட்ஃபேரில் நேரலையில் எடுக்கும் பந்தயம் சில வினாடி நிறுத்திவைக்கப்பட்டுப் பிறகு பொருந்துகிறது. அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நம் விலையைப் பறித்துப் போகாமலிருக்க அந்த இடைவெளி. அந்த வினாடிகளுக்குள் நம் காத்திருக்கும் விலையை நாம் எடுத்துவிடலாம். எனக்கு அந்தத் தாமதம் பிடிக்கும்.

#18 கணக்குப்பிள்ளை

மேக்கருக்குக் கட்டணம் குறைவு என்று நான் எழுதியதை நம்பி, விலை போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. என்பிஏவில் காயப் பட்டியல் ஆட்டம் தொடங்கும் வரை மாறிக்கொண்டே இருக்கும். ‘இன்று ஆட மாட்டார்’ என்ற ஒரு வரி வந்ததும் 62-இல் இருந்த விலை 50-க்கு இறங்கும், நீங்கள் 60-க்கு வாங்கப் போட்டு வைத்த ஆர்டரை அந்தக் கணத்தில் கணினி நிரப்பிவிட்டுப் போயிருக்கும். மிச்சமான கட்டணம் ஏறக்குறைய 1.7 சென்ட், போனது பத்து சென்ட். உள்தகவல் கையில் இருப்பவனுக்கும் முதலில் கிடைப்பது இப்படிக் காத்திருக்கும் ஆர்டர்தான். ராப்டர்ஸ் அணி வீரர் ஜான்டே போர்ட்டர் 2024 ஏப்ரலில் ஆயுள் தடை வாங்கியது, தன் உடல்நிலைத் தகவலைப் பந்தயக்காரர்களுக்குக் கொடுத்ததற்கும் சேர்த்துத்தான்.

ஆகவே இப்படி விலை குறித்துக் காத்திருக்கும் லிமிட் ஆர்டர் போட்டால் திரையின் முன் இருங்கள், எழுந்து போகும்போது எடுத்துவிடுங்கள். பெட்ஃபேரில் ஆட்டம் நேரலைக்கு மாறும்போது பொருந்தாத பந்தயங்கள் தானாக ரத்தாகும், ‘கீப்’ என்று நீங்கள் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டும் நிற்கும். கால்ஷியில் ஆர்டர் போடும்போதே எப்போது காலாவதியாக வேண்டும் என்று நேரம் குறிக்கலாம். டாலஸ்வாசி, நீங்கள் பந்து எறியும் நேரத்துக்கு முன்பாகவே அதைக் குறித்து வையுங்கள்.